நான் ஆணி அடித்து மூடிய ஜன்னல்

பிரகாஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ சங்கீதாவின் முகத்தில் சொம்பை எறிந்தபோது, நான் உன் கட்டில் ஓரத்தில் உன் மகள் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் சொம்பு. அது அவளுடைய இடது புருவத்தில் பட்டு, சுவரில் மோதி, கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவள் கத்தவில்லை. புருவத்தின் மேல் கையை வைத்தாள். விரல் இடுக்கில் ரத்தம் இறங்கியது. அப்போதும் “கொயந்த பயந்துக்கும், மெதுவா பேசு” என்றுதான் சொன்னாள். அதற்கும் நீ அவளை அறைந்தாய். “ஒரே மாசத்துல மூணாவது வாட்டி மூச்சு இழுக்குது. நாள் பூரா வூட்ல ஒக்காந்துகினு இன்னாடி கிழிக்கிற? ஒரு புள்ளைய பாத்துக்கத் துப்பில்ல ஒனக்கு?” என்று கேட்டாய். ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த வார்த்தைகள் நன்றாகத் தெரியும். நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது உன் அம்மாவைப் பார்த்து நான் கேட்டவை அவை.

நான் எழுந்து உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மடியில் குழந்தை இருந்தது என்று நான்கு நாட்களாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது காரணம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்து, மூக்கு விடைத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்த அந்த முகம். அடிக்கிறவனுக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது, எதிரில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் உன் அம்மா எதைப் பார்த்தாள் என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். உடம்பு விறைத்துப்போனது. இனியாவோ என் மடியில் காற்றுக்கு அலைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. உன் நெஞ்சும் இப்படித்தான் போய் வந்தது. உனக்குப் பிறவியிலேயே சளி உடம்பு என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். நீயும் அதை நம்பி, “எனக்கு இருந்தது, அதான் பாப்பாவுக்கும் வருது” என்று டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது பொய், பிரகாஷ். அந்தப் பொய்யைக் கட்டியவன் நான். இப்போது நானே அதைப் பிரிக்கிறேன், கடைசி வரைக்கும் படி.

கல்யாணமான புதிதில் நாங்கள் மறைமலைநகரில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஆறு அறை, ஆறு குடும்பம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எங்களுடையது கடைசி அறை. சமைப்பது, படுப்பது, குளித்த ஈரத்துணியைக் காயப்போடுவது எல்லாம் அந்த ஒரே அறையில்தான். மழைக்காலத்தில் பின்சுவர் தண்ணீரைக் குடித்துக் கறுத்துவிடும். கையை வைத்தால் கறுப்பு விரலில் ஒட்டும். எனக்கு கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. வார்த்து வந்த இரும்பைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்கிற பிரிவு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் சட்டை, முடி, கண் இமை எல்லாம் இரும்புத் தூளாக இருக்கும். அந்தச் சட்டையைக் கழற்றி உன் தூளி தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுவேன். மாட்டிவிட்டு, தூளிக்குக் கீழேயே சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைப்பேன். சாயங்காலம் ஆனதும் கொசுவர்த்தி. மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் உன் அம்மா மூலையில் மூன்று கல்லை வைத்து விறகில் சமைப்பாள். இவ்வளவுக்கும் அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல்.

அதை நான்தான் மூடினேன். எதிர் வரிசையில் கல்யாணம் ஆகாத நான்கு பையன்கள், கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர்களில் ஒருவன் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றான். உன் அம்மா கம்பியில்லாத அந்த ஜன்னல் சட்டத்தில் உன் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதாவது பேசினார்களா என்றுகூட நான் பார்க்கவில்லை. நேராகப் போய் அவன் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டேன். திரும்பி வந்து உன் அம்மாவை அடித்தேன். அப்புறம் கம்பெனி பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பிளைவுட் பலகையை ஜன்னல் சட்டத்தில் வைத்து, சுற்றிலும் ஆணி அடித்தேன். சந்தில் வெளிச்சம் தெரிந்த இடத்தில் எல்லாம் பழைய துணியைத் திணித்தேன். “காத்து எப்புடியா வரும்?” என்று உன் அம்மா கேட்டாள். “கதவு கீதுல்ல” என்றேன். நான் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது அந்தக் கதவையும் சாத்தித் தாழ் போட வைப்பேன். இதை எல்லாம் நான் ஏதோ வெறியில் செய்தேன் என்று நினைக்காதே. ஆணிகளை ஒவ்வொன்றாக நேராகப் பிடித்து, நிதானமாக அடித்தேன்.

ஜன்னலை மூடிய இரண்டாவது வாரத்தில் உனக்கு இருமல் வந்தது. போனது, மறுபடி வந்தது. பிறகு இருமலோடு ஒரு சத்தம் சேர்ந்தது. துருத்தியை மெதுவாக அழுத்தினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். நான் உன் அம்மாவைக் குற்றம் சொன்னேன். பச்சைத் தண்ணியில் குளிப்பாட்டினாள் என்றேன். கடலோரத்துப் பெண், கருவாடு தின்றுவிட்டுப் பால் கொடுக்கிறாள், அதனால்தான் நெஞ்சில் கட்டுகிறது என்றேன். “ஒன் பாலே சரியில்லடி” என்றேன். பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஒருநாள் காலை, நீ பாலைக் கக்கி மூச்சுக்குத் தவித்தபோது பெல்ட்டைக் கழற்றினேன். அவள் உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டினாள். உன் மேல் பட்டுவிடக் கூடாது என்று ஒரு கையை வெளியே நீட்டித் தடுத்தாள். பக்கிள் அவளுடைய மணிக்கட்டில் விழுந்தது. அவள் வலது கை இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது, பார்த்திருப்பாய். தோசைக் கல்லை இடது கையால் தூக்குவாள். குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்ன பொய் இல்லை அது. உனக்கு ஒரு அப்பா வேண்டும் என்பதற்காகச் சொன்னது.

அந்தக் கட்டுக் கையோடுதான் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நானும் போனேன். சின்ன வயது டாக்டர், அந்தம்மா உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்தை எழுதாமல் என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். “சளி எல்லாக் கொழந்தைக்கும்தான் வரும். ஒங்க வீட்ல அது ஏன் மூச்சுத் திணறலா மாறுதுன்னு கேக்கறேன். வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?” என்றார். இல்லை என்றேன். “அடுப்பு எங்க இருக்கு?” வெளியே தனி சமையலறை என்றேன். “படுக்கிற அறையில எத்தனை ஜன்னல்?” இரண்டு என்றேன். மூன்று கேள்விக்கும் கண்ணைக்கூட இமைக்காமல் பொய் சொன்னேன். உன் அம்மா என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளுடைய கட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆவி மருந்து வைத்தார்கள், நீ தெளிந்தாய், மறுபடி அதே அறைக்கு உன்னைத் தூக்கி வந்தோம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். குடும்ப மானம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மானத்துக்குள் நீ மூச்சு முட்டிக்கொண்டிருந்தாய்.

பிறகு ஐப்பசி மாதத்தில் ஒரு மதியம். மூன்று நாட்களாக விடாத மழை. கரண்ட் இல்லை. நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. மூலையில் ஈர விறகு புகைந்தது, கொசு தாங்காமல் இரண்டு கொசுவர்த்தி எரிந்தது, நான் படுக்கும் முன் பிடித்த சிகரெட்டின் வாடையும் அப்படியே நின்றது. உன் அம்மா என்னை எழுப்பினாள். “இன்னாங்க, எழுந்திருங்க. புள்ளைக்கு ஒதடு நீலமா கீது. கதவத் தொறக்கட்டுமா?” என்றாள். நான் புரண்டு படுத்தேன். மறுபடி எழுப்பினாள். காலால் உதைத்தேன். உதை அவள் வயிற்றில் பட்டது. அவள் உன்னோடு சேர்ந்து விழுந்தாள். நீ அழவில்லை. அழுவதற்கு உன்னிடம் காற்று இல்லை. அதைப் பார்த்ததும் அவள் வேறு ஒருத்தியாகிவிட்டாள். உன்னைத் தரையில் துணி மேல் கிடத்தினாள். அம்மிக் குழவியை இடது கையில் தூக்கி, படுத்திருந்த என் மேல் போட்டாள். தலைக்குத்தான் குறி வைத்தாள் என்று பின்னால் அவளே சொன்னாள். தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நான் அலறி எழுவதற்குள் அவள் அதே குழவியால் ஜன்னல் பலகையை அடிக்க ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது அடியில் பலகை பிளந்தது. ஆணியோடு பெயர்ந்த துண்டுகளைக் கையாலேயே பிய்த்தாள். கையெல்லாம் கிழிந்தது. மழைக்காற்று உள்ளே பாய்ந்து, புகை கலைந்து, அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நான் முதல் முறையாக அந்த அறையைப் பார்த்தேன். உத்திரத்தில் ஒட்டடையாகத் தொங்கிய கரி. கூரைவரைக்கும் ஏறியிருந்த கறுப்பு. தூளியின் மேல் படிந்திருந்த இரும்புத் தூள். அவள் உன்னை ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். எதிர் அறையிலிருந்து ஒருவன், நான் அறைந்த அதே பையன், மழையில் ஓடி வந்தான். “அக்கா, குடுங்க என்கிட்ட. ஆட்டோ நிக்குது” என்றான். உடைந்த ஜன்னல் வழியாகவே உன்னை வாங்கிக்கொண்டான். உன் உயிரைக் காப்பாற்றக் கொண்டுபோன கைகள் அவனுடையவை. அவன் பெயரை நான் கடைசிவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். உனக்கு மூக்கில் ஆக்சிஜன் மாட்டிவிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பேசினாள். “நான் சொல்றேன் மேடம். சிகரெட் இவருதான், புள்ள தலமாட்டுலயே. அடுப்பு உள்ளாரதான். ஜன்னல் ஒண்ணு கீது, அதையும் இவரு ஆணி அடிச்சி மூடிட்டாரு. செவுரு பூரா பூஞ்ச. என் கைய ஒடைச்சது இவரு. இவரு தோள ஒடைச்சது நானு.” டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார், கோபப்படவில்லை. ஒரு பேனாவைப் பிரித்து ரீஃபிலை எடுத்துக் காட்டினார். “இந்தக் கொழந்தையோட மூச்சுக்குழாய் இவ்ளோதான் இருக்கும். புகை பட்டா உள்பக்கம் வீங்கும். வீங்கினா அடைச்சிக்கும். நீங்க ஊதித் தள்ளுனது, அடுப்புல வந்தது, கொசுவர்த்தி, செவுத்துல இருக்கிற பூஞ்சை, உங்க சட்டையில இருக்கிற தூசி, எல்லாம் இதுக்குள்ள போவுது. மருந்து குடுத்து நான் திறக்கறேன். வீட்டுக்குப் போய் நீங்க அடைக்கறீங்க.” அவ்வளவுதான் சொன்னார். ஆண்கள் வார்டில் என் தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். கீழ்த்தளத்தில் நீ, மேல்தளத்தில் நான். உன்னைப் பார்க்க என்னை உன் அம்மா விடவில்லை.

உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று அந்தோணி மாமா தன் தங்கையைத் தேடி வந்து உங்கள் இருவரையும் கடப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார். கடற்காற்று பட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்களாம். சரியாகவில்லை. அங்கேயும் குடிசைக்குள்தான் அடுப்பு, சவுக்குக் குச்சியில்தான் சமையல். முதல் வாரமே நீ மறுபடி இழுத்தாய். உன் அம்மா கடப்பாரையை எடுத்துத் தன் பிறந்த வீட்டு அடுப்பையே இடித்தாள். “வந்து தங்குனவ எங்க அடுப்ப ஒடைக்கிறா பாரு” என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவள் மண்ணைக் குழைத்து வெளியே, காற்று போகும் பக்கம் பார்த்து, வேறு அடுப்புப் போட்ட பிறகுதான் ஓய்ந்தாள். ஊர் காற்று நல்லதா கெட்டதா என்று கேட்காதே, பிரகாஷ். கடல் பத்து அடி தூரத்தில் இருந்தாலும் குழந்தை மூச்சு விடுவது வீட்டுக்குள் இருக்கிற காற்றைத்தான்.

ஒன்றரை மாதம் கழித்து, தோள் கூடியதும், நான் உங்களைக் கூட்டிவரப் போனேன். கூட்டிவர என்று சொல்கிறேன், உண்மையில் இழுத்துவரத்தான் போனேன். ‘என் பிள்ளை, என் பெண்டாட்டி’ என்று பஸ்ஸில் போகும்போதே சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்தோணி மாமா கொத்தனார் வேலை செய்கிறவர், கை உனக்குத் தெரியும். “வா மச்சான், அப்டியே நடந்துகினே பேசலாம்” என்று இடிந்த கோட்டைச் சுவர் பக்கம் உப்பங்கழியோரமாக அழைத்துப் போனார். தண்ணீர் இடுப்பளவு இருந்த இடத்தில் என் தலைமுடியைப் பிடித்து உள்ளே அழுத்தினார். நான் உதைத்தேன், கையை வீசினேன், அவர் முழங்கால் என் முதுகில் இருந்தது. நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் தூக்கினார். ஒரு மூச்சு. மறுபடி உள்ளே. உப்பும் சேறும் மூக்கில் ஏறின. மூன்றாவது முறை தூக்கியபோது என் காதருகே சொன்னார்: “ஒனக்கு இது மூணாவது வாட்டி. அந்தப் புள்ளைக்கு எத்தினி வாட்டின்னு எண்ணுனியா நீ?” நாலாவது முறை அவர் தூக்குவதாக இல்லை. அந்த இருட்டில் எனக்கு உன் நீல உதடுகள் தெரிந்தன என்றெல்லாம் எழுத மாட்டேன். எதுவும் தெரியவில்லை. காற்று, காற்று என்ற ஒன்றைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு இழுக்கும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

உன் அம்மாவின் குரல்தான் என்னை வெளியே எடுத்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். “வுடுண்ணே. செத்துட்டான்னா ஒனக்குத்தான் பேஜாரு. உசுரோட இருந்து பாக்கட்டும்” என்றாள். சேற்றில் நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அங்கேயே, நின்றபடியே சொன்னாள். “ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கணும். அடுப்பு தனியா இருக்கணும். சிகரெட்டு இருக்கக் கூடாது, வெளிய புடிச்சிட்டு வந்து புள்ளைய தூக்கவும் கூடாது. கம்பெனி சட்டைய வாசல்லயே கயட்டணும். அப்புறம், ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி என் மேல கைய ஓங்குனாலும் நான் இங்க வந்துருவேன். அப்போ அண்ணனுக்கு நான் குறுக்க வரமாட்டேன்.” படாளத்தில் என் பங்குக்கு இருந்த துண்டு நிலத்தில் வீடு கட்டினோம். நீ வளர்ந்த வீடு. என்னைத் தண்ணீரில் அழுத்திய அதே அந்தோணி மாமாதான் கட்டிக் கொடுத்தார். ஜன்னல் எங்கே வரவேண்டும் என்பதை என்னிடம் கேட்கவே இல்லை, உன் அம்மாவைக் கேட்டுக் கேட்டுச் செங்கல் வைத்தார்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பயத்தில் நிறுத்தினேன். சிகரெட்டை இரண்டு வருடம் திருட்டுத்தனமாகக் கம்பெனி கழிப்பறையில் பிடித்தேன். கை நின்றது, வாய் நிற்கவில்லை. குழம்பில் உப்பு கூடினால், நீ மார்க் குறைவாக வாங்கினால், உன் அம்மாவை நான் என்னென்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும், நீ அந்த வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். என்னிடமிருந்து நீ கற்றது அங்கேதான். இன்னொன்றும் இருக்கிறது. போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வந்தபோது, “பொட்டப்புள்ள மாதிரி ஒக்காந்துட்டு வந்துகீற” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அன்றைக்கு நீ அழுதது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அத்தனை முறை புண்பட்ட நெஞ்சு முழுதாகத் தேறாமலும் போகலாம் என்று அந்த டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் உன்னை அப்படிப் பேசினேன். உன் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டது உன் உடம்பு இல்லை, நான்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்கு முன்னால், மாமல்லபுரத்துப் பின்தெருவில் இருக்கும் அந்த இரண்டு அறையையும் நான் நன்றாகப் பார்த்தேன். பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்க மெஷினில் கல் அறுக்கிறார்கள். மாவு மாதிரி தூள் வருகிறது என்று எல்லா ஜன்னலையும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாய். ஒட்டியும் பீரோ மேல் விரலால் எழுதினால் எழுத்துத் தெரிகிறது. உள்ளே கொடியில் ஈரத்துணி. பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் கறுப்பு. கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சாம்பல். குளியலறை வாளிக்குப் பின்னால் சிகரெட் துண்டுகள். ரிசார்ட்டில் நீ சூப்பர்வைசர். விருந்தாளி வருவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் திறந்து காற்றோட்டம் பார்த்து, ஈர வாடை அடித்தால் ஆட்களைத் திட்டி மறுபடி துடைக்க வைக்கிறவன். அந்த மூக்கை உன் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறாயா? வீடு மாற்றலாம் என்று சங்கீதா மூன்று முறை கேட்டாளாம். வேலைக்குப் பக்கம் என்று நீ மறுத்தாயாம். உன் மகளை இழுக்க வைப்பது சங்கீதாவின் வளர்ப்பு இல்லை, குழந்தைக்கு உன்னிடமிருந்து வந்த ரத்தமும் இல்லை. பெரும்பாலும் அந்த அறைதான். உன்னால் சுவரை அடிக்க முடியாது, வீட்டுக்காரரை அடிக்க முடியாது, கல் அறுக்கிறவனை அடிக்க முடியாது. அடிக்க முடிந்தவளை அடித்தாய். நானும் அதைத்தான் செய்தேன்.

நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகு நான் எழுந்தேன். சங்கீதாவின் புருவத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்தேன். குழந்தைக்கு மருந்து வைத்தார்கள், தாய்க்கு நான்கு தையல் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டார். சங்கீதா, “கீழ வுழுந்துட்டேன்” என்றாள். அது உன் அம்மா உனக்குச் சொன்ன அதே பொய். “இல்லம்மா” என்றேன் நர்ஸிடம். “அடிச்சாங்க. நான் பாத்துகினு இருந்தேன்.” சங்கீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவள் அழவில்லை, அப்போதுதான் அழுதாள். அங்கிருந்து படாளத்துக்கு வந்துவிட்டோம். உன் அம்மா அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. தையலை மட்டும் தொட்டுப் பார்த்தாள், பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டாள். இனியாவின் நெஞ்சில் இன்று காலை சத்தம் இல்லை. திரும்ப வராது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. நேற்று தவழ்ந்து போய்க் கோழியைத் துரத்தியதால் முட்டி சிராய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீ போனில் அம்மாவிடம், “எங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது, அவரு எதுக்கு நடுவுல வராரு?” என்று கத்தினாயாம். உனக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நேற்று சங்கீதா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். அவள் தானாக எடுத்த முடிவு. நான் கூடப் போனேன். சாட்சி யாராவது உண்டா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். நான் கையைத் தூக்கினேன். “நீங்க யாரு, பொண்ணோட அப்பாவா?” என்றார். “இல்லம்மா, பையனோட அப்பா” என்றேன். அவர் எழுதுவதை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நல்லா யோசிச்சிதான் கையெழுத்துப் போடறீங்களா?” என்றார். நான் உன் அம்மாவை அடித்த நாட்களில் அடுத்த அறையில் ஆட்கள் இருந்தார்கள். என் அப்பாவும் ஒரு முறை வாசலில் உட்கார்ந்திருந்தார், சத்தம் கேட்டதும் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் என்னை நேசித்தார் என்றுதான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொம்பு, அறை, நீ சொன்ன வார்த்தைகள், நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். வா. ஓடி ஒளியாதே. அதற்குமேல் உன்னோடு வாழ்வதா இல்லையா என்பது சங்கீதாவின் முடிவு. அவளிடம் உனக்காக நானோ உன் அம்மாவோ ஒரு வார்த்தையும் பேச மாட்டோம். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்ப்பாய். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அன்றைக்கு என்னைத் திட்டு, வேண்டுமானால் அடிக்கவும் செய், வாங்கிக்கொள்கிறேன், அது எனக்கு வரவேண்டியதுதான். ‘அப்பா’ என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். நான் உனக்கு அப்பா இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் நான் சங்கீதா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், பிரகாஷ்.

அப்பா